ஐம்பதுக்கு இருபத்தெட்டு

மதுவகை பற்றி நான் எழுதுவது இதுவே முதற்றடவை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் குப்பை கொட்டிய ஒருவன் இப்படிச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். பத்திரிகைக்காரனையும் போத்தலையும் பிரித்துப் பார்க்க நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை. உண்மையில் நான் பெருங்குடிகாரனும் அல்லன். முற்றாக ஒதுங்கியவனும் அல்லன். கொழும்பில் இரவுப் பணி முடிந்து, கடைசிப் பக்கமும் அச்சுக்குப் போன பின்னர், சக ஊழியர் எவராவது எடுத்து வைத்திருக்கும் பியரில் ஒரு கிளாஸ் அருந்தியதுண்டு. அது குளிர்ந்திருந்தது, கசந்தது, களைப்பைப் போக்கியது. அதற்கு மேல் அதனைப் பற்றிச் சொல்வதற்கு ஏதும் இருப்பதாக நான் நினைத்ததில்லை. சிறுகதைப் போட்டிகளுக்கும் நாடக விழாக்களுக்கும் நடுவராக இருந்திருக்கிறேன். ஒருநாள் பியருக்கும் நடுவராக இருப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதம் அக்காவைப் பார்ப்பதற்காக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபோர்ட் கொலின்ஸ் நகருக்குப் போயிருந்தேன். அத்தான் காலமான பின்னர் அக்கா மகனோடு இருக்கிறார். மருமகன் அங்கேயே பிறந்தவன், பொறியியலாளன். தமிழ் பேசுவான், அதுவும் அக்கா ஊரிலிருந்து கொண்டுபோன தமிழ். இன்றைய யாழ்ப்பாணத்தில் வழக்கொழிந்துவிட்ட சில சொற்களை அவனுடைய வாயிலிருந்து கேட்டு நான் திகைத்ததுண்டு. அவனது கார் வெளியிலே வெயிலில் நிற்கும். கார் நிற்க வேண்டிய கராஜில் துருப்பிடிக்காத உருக்குப் பானைகள், குழாய்கள், வெப்பமானிகள், மூடிய வாளிகள். ஓய்வு நாட்களில் அவன் பியர் காய்ச்சுகிறான்.

கசிப்புக் காய்ச்சுவதை மட்டுமே அறிந்த நமக்கு, வீட்டில் காய்ச்சுவது என்றதும் பொலிஸ்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் அது குற்றமாகத்தான் இருந்தது. 1978 இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கைச்சாத்திட்ட சட்டமொன்றே சொந்தப் பாவனைக்காக வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு வழிவிட்டது. பின்னாளில் பெரிய ஆலைகளை நிறுவிய பலர் வீட்டு அடுக்களையிலும் நிலவறையிலும் தொடங்கியவர்கள். ஃபோர்ட் கொலின்ஸின் கதை இன்னும் வேடிக்கையானது. மிகவும் மென்மையான பியரைத் தவிர, ஏனைய மது விற்பனையை 1969 வரை தடை செய்திருந்த நகரம் அது. இன்று பியருக்காகவே வெளியூரார் அங்கு வருகின்றனர்.

அந்நகரின் பெயரை அமெரிக்கா முழுதும் கொண்டுசென்றது ‘ஃபற் ரயர்’ என்ற அம்பர் ஏல். பருத்த ரயர் என்று பொருள். ஜெஃப் லெபெஷ் என்ற மின்பொறியியலாளர் 1980களின் இறுதியில் பருத்த ரயர் பூட்டிய சைக்கிளில் பெல்ஜியத்தைச் சுற்றி வந்தார். அந்நாட்டுப் பியர்களில் மயங்கினார். ஊர் திரும்பி வீட்டு நிலவறையில் காய்ச்சத் தொடங்கினார். அவரும் சமூக சேவையாளரான அவரது மனைவி கிம் ஜோர்டனும் 1991 இல் ‘நியூ பெல்ஜியம்’ என்ற ஆலையை ஆரம்பித்தனர். பின்னாளில் அது முழுவதும் ஊழியர்களுக்கே சொந்தமான நிறுவனமாயிற்று. 2019 இல் ஜப்பானின் கிரின் குழுமத்தைச் சேர்ந்த ‘லயன்’ என்ற அவுஸ்திரேலிய நிறுவனத்தின் கிளையொன்று அதனை வாங்கியது. (நம்முடைய நாட்டுச் சிங்கத்துக்கும் இந்தச் சிங்கத்துக்கும் உறவில்லை.) 2023 தை மாதத்தில் ஃபற் ரயரின் செய்முறையையே மாற்றினார்கள். செம்பழுப்பு நிறம் போய்ப் பொன்னிறம் வந்தது. போத்தலில் இருந்த ‘அம்பர்’ என்ற சொல்லும் போயிற்று. இன்றைய தலைமுறைக்கு மென்மையான பியரே பிடிக்கிறது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

மருமகனுக்கு இது தீராத மனத்தாங்கல். தந்தையாரோடு அமர்ந்து குடித்த முதலாவது பியர் அதுவாம். கடையில் இனிமேல் கிடைக்காதென்றால் நானே காய்ச்சுகிறேன் என்று கிளம்பிவிட்டான். நினைவில் நிற்கும் ஒரு சுவையைத் தேடி அவன் காய்ச்சிய நாலாவது முயற்சி நான் போனபோது தயாராக இருந்தது.

அம்பர் ஏல் என்றால் என்னவென்று ஓரிரு வார்த்தை சொல்ல வேண்டும். பியருக்கு அடிப்படை வாற்கோதுமை. அதை நீரில் ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மோல்ற். முளைகட்டிய தானியத்தை உடனே உலர்த்தாமல், ஈரத்தோடு இளஞ்சூட்டில் வைத்திருந்தால் உமிக்குள்ளேயே மாப்பொருள் சீனியாக மாறும். அதன்பின் வறுத்தால் அந்தச் சீனி கருகிப் பாகாகி உறையும். இதற்குப் பளிங்கு மோல்ற் என்று பெயர். வெளிறிய மோல்ற்றோடு இதில் கொஞ்சம் கலந்தால் அம்பர் நிறமும், பனங்கட்டியின் அடிக்கருக்கல் போன்ற ஒரு சுவையும் கிடைக்கும். அந்த இனிப்பைக் கட்டுப்படுத்த ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ. அமெரிக்க அம்பர் ஏலுக்குப் பெரும்பாலும் அமெரிக்க ஹொப்ஸ் சேர்ப்பார்கள். அவற்றிலே தோடம்பழத் தோலைக் கிள்ளினாற் போல ஒரு வாசம் உண்டு. இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று விழுத்தாமல் நிற்க வேண்டும். இந்த வகையின் சிரமம் அதிலே இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் சமையலறை மேசையில் மூன்று கிளாஸ்களை வைத்தான் மருமகன். ஒவ்வொன்றின் வாயிலும் மூடி. எதில் என்ன இருக்கிறதென்று அவனுக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அவனுடைய நண்பன் ஒருவனே ஊற்றி, இலக்கமிட்டு வைத்தான். எங்கள் மூவர் முன்னிலும் ஒவ்வொரு புள்ளித்தாள். அமெரிக்காவில் 1985 முதல் பியர் நடுவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு ஒன்று இயங்குகிறது. அதன் தாள் அது. மொத்தம் 50 புள்ளி. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதை நம்முடைய கலைவிழா நடுவர்கள் கவனிக்க வேண்டும்.

“மாமா, உடனை குடிக்க வேண்டாம். முதல் மணந்து பாருங்கோ. என்ன மணக்குதோ அதை எழுதுங்கோ. நல்லதோ கூடாதோ எண்டு பிறகு பாப்பம்.”

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கடுங்குளிரில் மணம் எழும்பாதாம். மூடியை எடுத்ததும் கிளாஸை ஒரு சுழற்றுச் சுழற்றி, நீண்ட மூச்சாக அல்லாமல் சிறு சிறு மூச்சாக மணக்க வேண்டும். வைன் நடுவர்கள் துப்பிவிடுவார்கள்; பியர் நடுவர்கள் ஒரு மிடறாவது விழுங்குவார்கள். விழுங்கிய பின்னரே கசப்பு முழுதாகத் தெரியும் என்பது அவர்கள் கொள்கை. இடையில் வாயைக் கழுவத் தண்ணீரும் வெறும் பாணும்.

முதலாவது கிளாஸ் நல்ல செம்பு நிறம். நுரை மெல்லிய பழுப்பு. வறுத்த பாணின் மேற்தோல், கொஞ்சம் கொட்டைப் பருப்பு, பின்னணியில் பனங்கட்டி. அளவான இனிப்பு, விழுங்கியதும் கசப்பு வந்து வாயைத் துடைத்துவிட்டுப் போயிற்று. 38 போட்டேன். அதே நகரில் 1989 இல் தொடங்கப்பட்ட ஓடெல் ஆலையின் ‘90 ஷிலிங்’ என்று பின்னர் தெரிந்தது. ஸ்கொட்லாந்தில் பியரின் தரத்தை ஷிலிங் விலையால் அழைத்த பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர்.

இரண்டாவது பொன்னிறம். நிறத்தைப் பார்த்ததுமே இது புதிய ஃபற் ரயர் என்று நண்பர்கள் இருவரும் அறிந்துகொண்டனர். மறைத்து ஊற்றியதிற் பயனில்லாமற் போயிற்று. சுத்தமான, இலகுவான, குறைசொல்ல முடியாத பியர். வெயிலில் நின்று வந்தவனுக்குக் கொடுத்தால் வாழ்த்துவான். நான் 35 போடப் போனேன். மருமகன் தடுத்தான். நல்ல பியரா என்பதல்ல, நல்ல அம்பர் ஏலா என்பதே கேள்வி என்றான். அம்பர் ஏலுக்கு எழுத்தில் இலக்கணம் வைத்திருக்கிறார்கள்: மதுசாரம் 4.5 முதல் 6.2 வீதம் வரை, கசப்பின் அளவு 25 முதல் 40 வரை, நிறத்துக்கும் கீழெல்லை மேலெல்லை. எனக்கு இது உடனே விளங்கியது. தளை தட்டும் நல்ல பாட்டை வெண்பாப் போட்டிக்கு அனுப்பினால் நாங்கள் என்ன செய்வோம்? 27 ஆகக் குறைத்தேன். மனம் ஒப்பிக் குறைத்தேன் என்று சொல்லமாட்டேன்.

இப்படி வகைபிரிக்கும் வழக்கத்துக்குப் பெரிதும் காரணமானவர் மைக்கல் ஜக்சன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர். பாடகர் அல்லர். உலகப் பியர்களை நாடு நாடாக, வகை வகையாக எடுத்துரைத்து அவர் எழுதிய நூல் 1977 இல் வெளிவந்தது. 2007 இல் காலமான அவர் நம்முடைய நாட்டு லயன் ஸ்ரௌற்றை உலகறியப் புகழ்ந்தவர். பியரும் ஒரு பத்திரிகையாளனுக்குரிய விடயந்தான் என்பதற்கு முன்னுதாரணம் வேண்டுமானால் அவர் போதும்.

மூன்றாவது கிளாஸை மணந்ததும் நான் நிமிர்ந்தேன். நிறம் மிக அழகு. தேயிலைச் சாயத்தை வெயிலில் பிடித்தாற் போல. மணத்தில் பனங்கட்டி இருந்தது. தோடம்பழத் தோலும் இருந்தது. இரண்டுக்கும் மேலே வேறொன்று படலம் போலக் கிடந்தது. உருக்கிய வெண்ணெய். வாயில் வைத்தபோது நாக்கின் மேல் ஒரு வழுவழுப்பு.

மருமகனின் நண்பன் 38 போட்டிருந்தான். மருமகன் 36. என் தாளில் மணத்துக்கு 6, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 10, வாயுணர்வுக்கு 3, மொத்த எண்ணத்துக்கு 6. கூட்டினால் 28. இது அவனுடையதென்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. மற்ற இரண்டும் கடைப் பியர்களென்று அவர்கள் பேச்சிலிருந்தே விளங்கியது. 30 போட்டால் தாளின் கணக்கில் ‘மிக நன்று’. 28 வெறும் ‘நன்று’. இரண்டு புள்ளி. பத்தாயிரம் மைல் தாண்டி வந்த மாமன், மருமகனுக்கு இரண்டு புள்ளி கூட்டிப் போட்டால் யாருக்கு நட்டம்? இலக்கியப் போட்டிகளில் அப்படிப் போட்டவர்களை அறிவேன். ஒருதடவை நானும் போட்டிருக்கிறேன், இன்றுவரை உறுத்துகிறது. பேனாவை மூடினேன்.

“இதிலை வெண்ணெய் மணக்குது தம்பி. இது மோல்ற்றின்ரை பிழையில்லை. பானையின்ரை பிழையுமில்லை. ஊத்தைப் பானையெண்டால் வேறை மணம் வரும். இது கைப்பிழை. எங்கையோ அவசரப்பட்டிருக்கிறாய்.”

மருமகன் என்னைப் பார்த்தான். பிறகு கிளாஸை எடுத்து மணந்தான். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. ஈஸ்ற்றை நாங்கள் பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோம். அது சீனியைத் தின்று மதுசாரமாக்கும்போது, இடைவிளைவாக டைஅசற்றைல் என்ற வெண்ணெய் மணப் பொருளும் உண்டாகும். இன்னும் சில நாட்கள் அதே வெதுவெதுப்பில் விட்டுவைத்தால் மதுவமே அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். ஐந்தாம் நாளே குளிரவைத்துவிட்டதாக அவன் சொன்னான். நான் வந்து இறங்குவதற்குள் தயாராக வேண்டும் என்று அவசரப்பட்டானாம்.

(அதே பியரை அவன் அயல் நகரொன்றில் நடந்த போட்டிக்கும் அனுப்பியிருந்தான். சான்றிதழ் பெற்ற நடுவர் இருவரின் தாள்கள் பின்னர் வந்தன. ஒருவர் 29, மற்றவர் 27. இருவரும் வெண்ணெய் என்றே எழுதியிருந்தார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.)

“மாமா, நான் மூண்டு வருசமாப் பழகிறன். எனக்குப் பிடிபடேல்லை. நீங்கள் எங்கை பழகினீங்கள்?”

அக்கா தண்ணீர்த் தொட்டியடியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். குழாய் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். குழாய் மறுபடி ஓடத் தொடங்கியது.

நான் எங்கே பழகினேன் என்பதை இங்கே எழுதுகிறேன். அக்கா வாசித்துச் சம்மதித்த பின்னரே எழுதுகிறேன். எங்கள் ஐயா சீவல் தொழிலாளி. வலிகாமத்தில் ஒரு கிராமத்தில் பனையேறிக் கள்ளிறக்கியவர். முப்பது வருடத்துக்கு மேல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பனை அபிவிருத்தி பற்றிக்கூட ஆசிரியத் தலையங்கம் எழுதியிருக்கிறேன். இந்த ஒரு வசனத்தை எங்கும் எழுதியதில்லை. விண்ணப்பப் படிவங்களில் தகப்பன் தொழில் ‘தோட்டம்’ என்றே நிரப்பினேன். பொய்யுமல்ல, குத்தகைக்கு எடுத்த இரண்டு பரப்பு இருந்தது.

விடியப்புறம் ஐயா முட்டிகளோடு வந்து முற்றத்தில் இறக்குவார். ஒவ்வொன்றையும் பன்னாடையால் வடிப்பார். வடித்ததில் நாலு துளியை உள்ளங்கையில் விட்டு முகத்துக்கு நேரே கொண்டுபோவார். முதலில் மணம். பிறகு நாக்கு நுனி. அவர் கள்ளுக் குடிப்பவர் அல்லர் என்றால் நம்பமாட்டீர்கள். சுவை பார்ப்பவர் மட்டுமே. “இது கிணத்தடியான்” என்பார். “இவன் நேற்றுப் பின்னேரமே புளிக்கத் துவங்கீட்டான்” என்பார். கெட்டிருந்தால் மரத்தின் பிழையோ, முட்டியின் பிழையோ, கைப்பிழையோ என்று பிரிப்பார். மரத்தின் பிழையென்றால் அந்தப் பாளையை விட்டுவிடுவார். முட்டியின் பிழையென்றால் அக்காவுக்கு ஏச்சு விழும், ஏனெனில் முட்டி கழுவிக் கவிழ்த்து வைப்பது அக்காவின் வேலை. கைப்பிழையென்றால் அன்று முழுவதும் ஒருவரோடும் பேசமாட்டார். அந்த முட்டியை விற்கவும் மாட்டார், வேலியோரம் ஊற்றிவிடுவார். எனக்கு ஏழெட்டு வயதானபோது என் உள்ளங்கையிலும் துளி விட்டு “சொல்லு பாப்பம்” என்று கேட்கத் தொடங்கினார். பிழையாகச் சொன்னால் சிரிப்பார். சரியாகச் சொன்னாலும் சிரிப்பார்.

நான் பிறந்த காலம் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களின் காலம். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968 இல் நடந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்தும் என் சிறுவயதில் ஐயாவின் கள்ளைப் புகழ்ந்து குடித்த பெரியமனிதர்கள், பிளாவை இரு கையாலும் ஏந்தித் தள்ளிப் பிடிப்பார்கள். ஐயா உயர்த்தி நின்று ஊற்றுவார். கை படக்கூடாது. “உன்ரை கள்ளுக்கு ஈடில்லையடா” என்று சொல்லிவிட்டு, காசை நிலத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் மந்தமான மாணவனைப் ‘பன்னாடை’ என்று ஏசுவார். வகுப்புச் சிரிக்கும். சிரித்து முடிந்ததும் சிலர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதன்பின் ஐயா துளி விட உள்ளங்கையை நீட்டச் சொன்னபோது, படிக்கவேண்டும் என்று சொல்லி விலகினேன். அவர் வற்புறுத்தவில்லை. படித்தேன், பல்கலைக்கழகம் போனேன், கொழும்புக்கு வந்தேன். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன ஐயா மீண்டும் ஊர் திரும்பவில்லை.

மருமகன் என்னை ஃபோர்ட் கொலின்ஸிலுள்ள பியர் ஆலைகளுக்கு அழைத்துப் போனான். சனங்கள் குடும்பமாக வந்து தொட்டிகளைப் பார்க்கிறார்கள். இறப்பர் சப்பாத்தோடு ஈரம் சொட்ட நிற்கும் தொழிலாளியை மரியாதையோடு கேள்வி கேட்கிறார்கள். ‘கைவினை பியர்’ என்ற சொல்லுக்கு அங்கே அப்படியொரு மதிப்பு. யார் கைவினைக்காரர் என்பதற்கும் வரையறை உண்டு. அமெரிக்கப் பியர் காய்ச்சுவோர் சங்கத்தின் கணக்குப்படி ஆண்டு உற்பத்தி 60 இலட்சம் பீப்பாவுக்கு மேற்படக்கூடாது. கைவினைக்காரரல்லாத மது நிறுவனமொன்றின் கையில் காற்பங்கோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது. 2019 விற்பனையோடு நியூ பெல்ஜியம் அந்த வரையறைக்கு வெளியே போய்விட்டது. மருமகன் அதைத் துக்கத்தோடு சொன்னான். 60 இலட்சம் பீப்பா வரையில் கைவினை! நான் பதினெட்டு முட்டிகளை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு அக்காவும் நானும் பின்வாசற் படியில் இருந்தோம்.

“உவன் கேட்டவன் எல்லோ. நீ ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லாததை நான் எப்பிடி அக்கா சொல்லுறது?”

அக்கா வெகுநேரம் பேசாதிருந்தார். அங்கும் நம்மவர் கூடும் இடங்களில் “ஊரிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, சந்தியடியோ?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்றார். அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளை அதைக் கேட்டு வளரக்கூடாதென்று பூட்டி வைத்தாராம். பூட்டிய கையோடு தானும் மறந்துவிடலாம் என்று நினைத்தாராம். “முட்டி மணம் மறக்குதே?” என்றார்.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் மருமகன் ஐந்தாவது தடவையாகக் காய்ச்சினான். அரைத்த மோல்ற்றை வெந்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து வடித்தான். ஹொப்ஸ் சேர்ப்பதற்கு முன்னர் அந்த நீர் தேன்போல இனிக்கும். கராஜ் முழுதும் வாசம். அந்தப் பக்கம் தலைவைத்தும் பாராத அக்கா தேநீரோடு வந்தார். பானையை எட்டிப் பார்த்தார். கரண்டியால் கொஞ்சம் அள்ளி ஊதி ஆற்றினார். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்க, அதை உள்ளங்கையில் விட்டு மணந்தார். நாக்கு நுனியில் வைத்தார்.

“உது கருப்பணி” என்றார்.

மருமகனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அக்கா சொன்னார்: பனம்பாளையைச் சீவினால் வடிவது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் புளிக்காது, கருப்பணி. பூசாவிட்டால் கள்ளு. “உன்ரை அம்மப்பா இறக்கினவர். முட்டி கழுவினது நான்.”

“தோட்டம் செய்தவர் எண்டு சொன்னீங்கள்?”

“தோட்டமும் செய்தவர்.”

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மருமகன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து வாளியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தான். ஈஸ்ற் போடாமல் எப்படிப் புளிக்கும் என்று கேட்டான். காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருப்பதே போதும் என்றேன். எத்தனை மணித்தியாலத்தில் என்று கேட்டான். பனை எத்தனை அடி உயரம், என்ன கட்டிக்கொண்டு ஏறுவது, விழுந்தவர்கள் உண்டா என்றெல்லாம் கேட்டான். தளைநாரைப் பற்றி அக்கா கையால் காட்டிச் சொன்னார். அவர் கேட்பாரென்று இத்தனை ஆண்டு பயந்திருந்த கேள்வி மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தினை மரம் அம்மா?”

“பதினெட்டு. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா.”

வெப்பநிலைகளைக் குறிக்கும் கொப்பியை எடுத்து, அன்றைய திகதியின் கீழ் 36 என்று எழுதினான். பிறகு கொதி வந்துவிட்டதென்று எழும்பி ஹொப்ஸைப் போடப் போனான்.

“இந்தமுறை கெதியிலை குளிர வைச்சிடாதை” என்றார் அக்கா. “மாமா போனாப் பிறகு குடிச்சாலும் பறவாயில்லை.”